நான் பாதியில் நிறுத்தச் சொன்ன உன் பாட்டு

நைனா,

வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகள் ஷீலாவை அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். கல்யாணம் ஆன இருபதாம் நாள் ஆர்டர் கைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டு ராசி என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள், ராத்திரி பகலாகப் படித்தது என் பேத்தி. அவள் தம்பி அருண் மறைமலை நகரில் கார் கம்பெனியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். கூடுவாஞ்சேரியில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் நாலாவது மாடியில் இருக்கிறான். உன் மகள் ஜெனி இந்திப் பேச்சுப் போட்டியில் இந்திக்காரப் பிள்ளைகளையே ஜெயித்து முதல் பரிசு வாங்கினாள். உன் சின்னவன் சாமு நீச்சலில் மூன்றாவதாக வந்தான். அவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் அவனைவிட ஒரு வயசு பெரியவர்கள் என்பதை நான் யாரிடம் சொன்னாலும் சேர்த்தே சொல்கிறேன்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மணி என்ன என்று கேட்டால்கூட அவள் இறங்குவதற்குள் உங்கள் எல்லாரையும் சொல்லி முடித்துவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், என்னுடைய மார்க் ஷீட்டு நீங்கள்தான். ஆனால் அந்தப் பெருமைப் பேச்சுதான் இந்தத் தடவை உன்னையும் என்னையும் பேஜாராக்கிவிட்டது. மேலே சொன்ன வரிசையில் உன்னைச் சொல்லவில்லை, கவனித்தாயா. உன் பேச்சுக்கு வருவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை தாகமே இல்லை, சும்மா எழுந்தேன்.

போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ "சரிம்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். என் கையால் எழுதினது உனக்குத் தபாலில் வரும், இதையே நம் சபையின் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். போதகர் ஐயா, குடும்ப விஷயத்தை எதற்கம்மா ஊருக்குச் சொல்கிறீர்கள் என்று தயங்கினார். மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மைக்கில் உன்னை அவமானப்படுத்தினேன், மன்னிப்பை மட்டும் காதுக்குள் சொன்னால் அது என்ன கணக்கு என்று கேட்டேன். சரி, எழுதிக் கொடுங்கள் என்றார். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று பார்க்காதே. படிக்கப் போகிற மற்றவர்களுக்கும் முழுசாகத் தெரியவேண்டும்.

உங்கப்பா செங்கல்பட்டில் பேண்டு செட் வைத்திருந்தார். பன்னிரண்டு பேர். டிரம்பெட் அவர், பெரிய டிரம் தாஸ். இன்னொருத்தர் வயலில் கூலிக்குக் குனிந்த குடும்பத்தில் முதன்முதலாகக் கோட்டு மாட்டிக்கொண்டு நிமிர்ந்து தெருவின் நடுவில் நடந்தவர் உங்கப்பா, அதனால் எனக்கு அந்தக் கோட்டின்மேல் தனி மரியாதை. கல்யாணம், சாவு, பண்டிகை ஊர்வலம் என்று மூன்றில் ஒன்று ஊரில் நடந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். பாட்டு நல்லதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். பெரிய டிரம் விழுகிற இடத்தில் இடது கால் விழவேண்டும். கால் தானாக விழுந்தால் நல்ல பாட்டு, காலைத் தேடிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தால் கெட்ட பாட்டு. பத்தொன்பது வயசில் நீ பட்டாளத்து பேண்டில் டிரம்பெட்டுக்குச் சேர்ந்தபோது உங்கப்பாவைவிட நான்தான் அதிகமாகத் துள்ளினேன். இனி இவன் டிரம்முக்கு ஒரு தேசமே இடது கால் வைக்கும் என்று அச்சரப்பாக்கம் வரைக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நீ வாசிப்பது டிரம்பெட், டிரம் இல்லை என்று உங்கப்பா திருத்தினதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. பேண்டுக்கென்றே இப்போது புதிது புதிதாக எழுதுகிறார்கள், ஊதுகிற கருவிகளும் தட்டுகிற கருவிகளும் மட்டும், பிடில் கிடையாது, பாட்டுக்கு வார்த்தை கிடையாது, நடக்கிறதற்கும் கிடையாது, உட்கார்ந்து கேட்கிறதற்கு என்றாய். நீயும் அப்படி ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய்.

"உக்காந்துகினு எதுக்குடா கேக்கணும்?"

"சும்மா கேக்கத்தாம்மா."

"யாரு செத்தாங்க?"

நீ சிரித்தாய். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை நைனா. ஒன்றும் நடக்காத இடத்தில் பேண்டு எதற்கு என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய், நான் மீன்காரம்மா குரல் கேட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ வேறு பேச்சில் இருந்தாய்.

ஷீலா கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் ரிகர்சலில் எடுத்த பாட்டை என் போனுக்கு அனுப்பி, இது முடிந்துவிட்டது, வருஷக் கச்சேரியில் வாசிக்க பேண்டு மாஸ்டர் ஒத்துக்கொண்டார், நீ மட்டும் தனியாக, காதில் மாட்டிக்கொண்டு கேளும்மா என்று சொன்னாய். தனியாக என்று இரண்டு தடவை சொன்னாய். நான் கேட்கவே இல்லை. கேட்காமலே அதை மண்டபத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு சித்தப்பா கனடாவில் இருக்கிறார் என்று காலையிலிருந்து நாலு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள், எனக்கும் ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மைக்செட்டுக்காரனிடம் போனைக் கொடுத்து, மைக்கையும் கையில் வாங்கி, இது என் மகன் சொந்தமாக எழுதினது, பட்டாளத்தில் நாற்பது பேர் வாசிக்கிறார்கள் என்று அறிவித்தேன். அருண் உன்னை வீடியோவில் கூப்பிட்டுப் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். நீ ஏதோ சொன்னாய், கையை ஆட்டினாய். வேண்டாம் என்று ஆட்டினாய் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. டாட்டா காட்டுகிறாய் என்று நானும் ஆட்டினேன்.

ஸ்பீக்கரில் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. மைக்செட்டுக்காரன் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினான். "ஆயா, போன்ல கோளாறு கீது" என்றான். மாப்பிள்ளையின் பெரியப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "பைப்புல தண்ணி வர்றதுக்கு மின்னாடி இப்டித்தான் காத்து வரும், குடத்த ரெடியா வச்சிக்க" என்று சொல்ல ஒரு பந்தியே சிரித்தது. நான் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். அவன் முழுக்கத் திருகினான். அந்த நேரம் பார்த்து நாற்பது பேரும் சேர்ந்து ஊதினார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கரண்டியை ஒரு பெரிய மனுஷர் மடியில் ஊற்றினார். குழந்தைகள் அழுதன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மானம் போகிறது என்று எனக்குத் தோன்றியது, அதைக் காப்பாற்ற உன்னைத் தூக்கிப் போட்டேன். மைக்கிலேயே சொன்னேன்: "நிறுத்துப்பா. இவங்கப்பன் ஊதுனா செத்தவன்கூட எழுந்து நடப்பான். இவன் ஊதுனா நடக்கிறவனும் உக்காந்துடுவான்."

மண்டபமே சிரித்தது. நன்றாகப் பேசினீர்கள் ஆயா என்று கை கழுவுகிற இடத்தில்கூட என்னைப் பாராட்டினார்கள். அருண் கையில் இருந்த போனில் நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்து எல்லாம் சரியாகப் போனது என்றுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

நாலு நாள் கழித்து உன் பெண்சாதி எனக்குத் தனியாகப் போன் பண்ணினாள். அந்தப் பாட்டைக் கச்சேரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி நீயே பேண்டு மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாயாம். எழுதின நோட்டுகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, இனிமேல் எழுதுகிறதாக இல்லை, மற்றவர்கள் எழுதினதை ஒழுங்காக வாசித்தால் போதும் என்றாயாம். மாஸ்டர் மட்டும், மாதக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், யோசித்துச் சொல் என்று சொல்லியிருக்கிறாராம். "நீங்க ஒருத்தர் சொன்னது போதும் அத்தை அவருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். ஆராதனை நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இது என்ன பாட்டு, இதில் என்ன இருக்கிறது, இதற்காக இவன் ஏன் இப்படிப் பூட்டிக்கொண்டான் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். உன் பாட்டைத் தொடப் பயமாக இருந்தது. அதனால் முதலில் மற்றவர்கள் எழுதினதைக் கேட்கலாம் என்று ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரிக்கு அருண் வீட்டுக்குப் போனேன். நீ போன வருஷம் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனவை அவன் கம்ப்யூட்டரில் இருந்தன. ஜப்பானில் ஒரு பெண் எழுதினது ஒன்று. புல்லாங்குழல்களும் சின்ன மணிகளும், மழைக்கு முன்னால் தகரக் கூரையில் ஒவ்வொரு சொட்டாக விழுவது மாதிரி. சரி, மழை வரப்போகிறது என்று காத்திருந்தேன். மழை வராமலே முடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இன்னொன்று யாரோ அமெரிக்காக்காரர், கனமான குழல்கள் எல்லாம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கின்றன. நான் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே கேட்டேன். கால் எங்கேயும் விழவில்லை. நின்று பார்த்தேன். நின்றால் கொஞ்சம் கேட்டது.

இவர்கள் எல்லாம் எந்தக் காலத்து ஆட்கள் என்று அருணைக் கேட்டேன். "காலமா? இன்னிக்கி வரிக்கும் உயிரோட கீறாங்க ஆயா. இது போன வருசம் எழுதுனது" என்றான். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது நைனா. உங்கப்பா வாசித்த கீதங்கள் எல்லாம் செத்துப்போன வெள்ளைக்காரர்கள் எழுதினவை, மிச்சம் சினிமாப் பாட்டு. பேண்டுக்கென்று உட்கார்ந்து யோசித்து எழுதுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், காலையில் காபி குடித்துவிட்டு எழுதுகிறார்கள், அவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தன் என்பது அந்த நாலாவது மாடியில் எனக்கு முதல்முறையாக உறைத்தது. ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறாமல், ஒரு உயிர் போகாமல், யாருக்கும் எதுவும் ஆகாமலே பேண்டு வாசிக்கலாம். அதை ஏன் இத்தனை வருஷம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவனை விட்டுவிட்டு நான் மீன் வாங்கப் போய்விட்டேன்.

ஆனாலும் உன் பாட்டை அங்கே கேட்க முடியவில்லை. பக்கத்தில் யாராவது பேண்டுக்காரன் இருந்தால் தேவலை என்றிருந்தது. பன்னிரண்டு பேரில் இப்போது நடமாட்டமாக இருப்பது தாஸ் ஒருத்தன்தான். திருவிடந்தையில் மகள் வீட்டில் இருக்கிறான், மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் கல்யாணங்களுக்கு இன்னமும் டிரம் அடிக்கப் போகிறான். மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடற்கரை ரோட்டில் இன்னொரு பஸ் பிடித்து, மத்தியானம் அவன் வாசலில் போய் நின்றேன். மேலே சரிகை வைத்த சிவப்புக் கோட்டு, கீழே லுங்கி, வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வேன் வந்தபிறகுதான் கால்சட்டை மாட்டுவானாம், அதற்குள் கசங்கிவிடுமாம்.

"இன்னா அண்ணி, செட்டுல சேர வந்துகினியா? டிரஸ்ஸு அளவு குடுத்துட்டுப் போ" என்றான்.

மண்டபத்தில் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. போனை எடு என்றான். ஒரே ஒயரில் ஒரு முனையை அவன் காதிலும் ஒரு முனையை என் காதிலும் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தோம். உஸ்ஸென்ற காற்று ஆரம்பித்தது. இந்த இடத்தில் ஒன்றும் கேட்காது, கொஞ்சம் பொறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைத் தூக்கி என்னை அடக்கினான்.

"சூடு பண்ணிகினு கீறாங்க அண்ணி."

எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டு வாசலில் ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் பேண்டு சத்தம் போடக்கூடாது. ஆனால் பித்தளை ஆறிப்போனால் சுரம் இறங்கிவிடும். அதனால் ஊதுகிறவர்கள் எல்லாரும் வாயில் குழலை வைத்து, சத்தம் எழுப்பாமல், வெறும் மூச்சை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டே நிற்பார்களாம். நாற்பது வருஷம் பேண்டுக்காரன் பெண்சாதியாக இருந்தேன், எனக்கு இது தெரியாது. சாவு வீடுகளில் நாங்கள் பெண்கள் உள்ளே, உடம்போடு இருப்போம். வாசலில் பன்னிரண்டு பேர் இப்படி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது எங்கள் அழுகையில் எங்களுக்கு எப்படிக் கேட்கும்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. தாஸ் அதைத் திரும்பிப் பார்க்காமலே இரு என்று கை காட்டினான். அப்புறம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அண்ணி, அண்ணன் சாவுல இவன ஏன் அப்டி பேசின?"

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது நைனா. அதையும் எழுதிவிடுகிறேன். உங்கப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று நீ பட்டாளத்திலிருந்து நேரே வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், அவர் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு செட்டில் அவர் நிற்கிற இடத்தில் நின்றாய். என் மகன் வாசிக்கப் போகிறான் என்று அந்த அழுகையிலும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் உன் டிரம்பெட்டிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மற்றவர்கள் வாசித்தார்கள், நீ வாயில் வைத்துக்கொண்டு நடந்தாய். குழி மூடினபிறகு எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டேன். ஊருக்கெல்லாம் ஊதுகிறாய், உங்கப்பனுக்கு ஊத உனக்கு மனசு வரவில்லையா, சர்க்கார் சம்பளம் கொடுத்தால்தான் ஊதுவாயா என்று கேட்டேன். மூன்றாம் நாள் கிளம்பிப் போய்விட்டாய். அது என் மனசில் ஒரு முள்ளாகவே இருந்தது. மண்டபத்தில் "இவங்கப்பன் ஊதுனா" என்று என் வாயில் வந்ததே, அது அங்கேயிருந்துதான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

தாஸ் சொன்னான். "நான் பக்கத்துலயே டிரம் மாட்டிகினு நடந்தேன் அண்ணி. அவன் சும்மா வர்ல. மூணு வெரலும் ஆடிகினே கீது. எல்லா பாட்டும், ஒரு அடி விடாம. மூச்சும் போய்கினே கீது. சத்தம்தான் வர்ல."

"ஏன் வர்ல?"

"அழுதா ஒதடு நிக்காது அண்ணி. ஒதடு நடுங்குச்சின்னா டிரம்பெட்டுல காத்துதான் போவும். அண்ணனே சொல்லும், சாவு வூட்ல அழுவணும்னா டிரம் அடிக்கிறவன் மட்டும்தான் அழுவலாம்னு. நான் அழுதுகினே அடிச்சேன். அவன் இன்னா பண்ணுவான்."

நான் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டேன். அவன் எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டான். முடியட்டும் என்றான். வேன்காரன் இரண்டாம் தடவை ஹாரன் அடித்தான்.

முதல் தடவையாக உன் பாட்டை முழுசாகக் கேட்டேன். காற்று முடிகிற இடத்தில் நாற்பது பேரும் சேர்ந்து ஊதுவது அன்றைக்கு மண்டபத்தில் இடி மாதிரி விழுந்தது, இங்கே அப்படி இல்லை. பெட்டியைத் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் கனமான குழல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பெரிய டிரம்மை யாரோ அடிக்காமல் உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். தாஸுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை, "எவன்டா அவன், டிரம்முக்கு எண்ண தேச்சி குளிப்பாட்றான்" என்றான், சொல்லிவிட்டுத் தன் முழங்காலை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துக்கொண்டான். நடுவில் டிரம்பெட் ஒன்று ஒரு கீதத்தைத் தொடங்குகிறது, மூன்று சுரத்தோடு நின்றுவிடுகிறது. திரும்பத் தொடங்குகிறது. திரும்ப நிற்கிறது. ஐந்து தடவை எண்ணினேன். அது எந்தக் கீதம் என்று எனக்குத் தெரியும். உங்கப்பாவைத் தூக்கின அன்றைக்கு வீட்டு வாசலில் முதலில் எடுத்த கீதம். ஆறாவது தடவை டிரம்பெட் தொடங்கவில்லை, மற்ற எல்லாரும் அதை எடுத்து முடித்துக் கொடுத்தார்கள்.

முடிந்ததும் தாஸ் எழுந்து உள்ளே போய்க் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், இது பேண்டுதானா என்று. வாசலில் நின்று யோசித்தான். "பேண்டுதான் அண்ணி. நம்ம மாரி பேண்டு இல்ல. ஆனா பேண்டுதான்" என்று சொல்லிவிட்டு, டிரம்மைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினான். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு இன்னும் மூன்று தடவை கேட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். இடது கால் எங்கே விழவேண்டும் என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், சாக்ஸபோன்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொள்கிற ஒரு இடம் வருகிறதே, அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. காது கூசுகிறது. நான் இப்படிச் சொன்னேன் என்று அதை எடுத்துவிடாதே. எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கும் உன் பாட்டில், இருக்கட்டும். உன் குறையே இதுதான் நைனா, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்கிறாய். சின்ன வயசில் விருந்தாளி வந்தால் உன்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து ஊதச் சொல்லுவேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூடக் கை கழுவிவிட்டு வந்து ஊதுவாய். ஊதி முடித்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாய், என் முகத்தைப் பார்ப்பாய். அந்தப் பழக்கத்தை உனக்குப் போட்டது நான். நாற்பத்தைந்து வயசில், அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, போனில் இன்னமும் என் முகத்தைத்தான் பார்த்தாய். இனிமேல் பார்க்காதே. ஜெனியை வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் இந்தியில் பேசிக் காட்டச் சொல்லாதே. அவளுக்குத் தோன்றினால் பேசட்டும். அவள் எதையாவது புதிதாகக் கொண்டு வந்து காட்டினால், முடிகிற வரைக்கும் உட்கார்ந்திரு, வாயைத் திறக்காதே. முடிந்தபிறகும் உடனே திறக்காதே.

கல்லறைத் தோட்டத்தில் நான் சொன்னதற்கும், மண்டபத்தில் நான் சொன்னதற்கும் என்னை மன்னித்துவிடு. இதை ஊர் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மண்டபத்தில் சிரித்தவர்களுக்கும் சொல்கிறேன், அது போனின் கோளாறு இல்லை, ஒயரின் கோளாறு இல்லை. என் மகன் அப்படித்தான் எழுதியிருக்கிறான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும். விரைவுத் தபாலில் போடுகிறேன். படித்த உடனே, மத்தியானம் ஆகட்டும் என்று இருக்காமல், மாஸ்டரிடம் போ. அம்மா சொன்னாள் என்று சொல்லாதே. என் பாட்டு, நான் எழுதினது, வாசிக்கவேண்டும் என்று நீயே சொல். அவர் ஏன் மனசு மாறினாய் என்று கேட்டால் மாறவில்லை என்று சொல். கச்சேரியில் முதலில் காற்று வரும்போது யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஊதுகிறவர்கள் குழலை இறக்காமல் இருந்தால் போதும்.

எனக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டாம். போன் என்றால் நீ மறுபடியும் சரிம்மா என்பாய், நான் வேறு எதையாவது பேசிக் கெடுத்துவிடுவேன். அதற்குப் பதில் ஒரு புதுப் படம் அனுப்பு. கச்சேரி மேடையில், அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. உன் முகம் மட்டும் பெரிதாக வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது. நாற்பது பேரும் தெரியவேண்டும். நீ கேமராவைப் பார்க்கக்கூடாது. போனில் அனுப்பினால் நான் பஸ்ஸில் எல்லாருக்கும் காட்டிவிடுவேன், அதனால் தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு. உள்ளே ஒரு அட்டை வைத்து ஒட்டி, மேலே மடிக்கக்கூடாது என்று பெரிதாக எழுது. இங்கே தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், பத்தரைக்கெல்லாம் நான் வாசலில் இருப்பேன்.

உன் அம்மா